டி-34 கண்ட கோஷ்கின்

அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட செய்தியைப் புறநானூற்றில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அங்கே வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசிப் பளபளத்தன. அம்மூதாட்டியாரோ போர் கண்ட வேல் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர். அது நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும். அழகான கருவி வேறு, உண்மையான கருவி வேறு என்பதைத் தமிழன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தான். எனக்கோ அது இந்த ஆண்டுதான் உறைத்தது. அதை எனக்கு உணர்த்தியவர் ருஷ்ய நாட்டில் பிறந்து, மிட்டாய் செய்து பிழைத்து, பின்னர் டாங்கி செய்து மறைந்த ஒரு மனிதர்.

மேசைமேல் ஒரு டாங்கி

காரியவட்டத்து விடுதியில் என் மேசைமேல் சில மாதங்களாக ஒரு டாங்கி உருவாகிக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் இயற்பியல் ஆய்வுக் கூடம். இரவில் இந்த வேலை. டி-34 என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரில் சோவியத்து நாடு செய்த டாங்கி அது. உண்மையான வண்டியின் உடல் நீளம் 5.92 மீட்டர், அகலம் 3 மீட்டர். நான் செய்வது அதில் 35இல் ஒரு பங்கு. ஆகவே நீளம் 169 மில்லிமீட்டர், அகலம் 86 மில்லிமீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிடலாம். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் தகடு, தீர்ந்துபோன பேனாக்களின் குழல், தையல் ஊசி, உப்புத்தாள், பசை இவையே மூலப்பொருள்கள்.

முப்பத்தைந்தில் ஒன்று என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஜப்பானிய நிறுவனமான டாமியா 1960களின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானிய டாங்கியின் மாதிரியை விற்பனைக்குச் செய்தது. உள்ளே ஒரு சிறு மோட்டாரும் இரண்டு மின்கலங்களும் அடங்கவேண்டும். அவை அடங்கும்படி உடலை அமைத்த பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்தது. அதுவே பின்னர் உலகெங்கும் வழக்காகிவிட்டது. பெரிய தத்துவம் எதுவும் அதில் இல்லை.

ஆனால் அளவு என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் அதற்குக் கட்டுப்படவேண்டும். நான் செய்ய எண்ணியது எந்த டி-34ஐயும் அன்று. 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கார்க்கோவிலிருந்து மாஸ்கோவுக்குத் தானே ஓடிச் சென்ற வண்டியை. அதைப் பெட்டியில் வாங்க எனக்கு வழி இல்லாததால் தகடு வெட்டிச் செய்யத் தொடங்கினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது, பீரங்கி வைக்கும்வரை. நீண்ட குழல் வைத்தேன், 90 மில்லிமீட்டர். டாங்கி என்றால் நம் கண்முன் நிற்கும் கம்பீரம் அதில் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது 1941இல் வந்த எஃப்-34 என்னும் பீரங்கி என்று. மாஸ்கோவுக்குப் போன வண்டியில் இருந்தது எல்-11 என்னும் குட்டைப் பீரங்கி. அதன் குழல் என் அளவில் 66 மில்லிமீட்டர்தான். அடுத்த அறை நண்பர் சிரித்தார். நம் சங்கத்துக் கண்காட்சிக்கு வருகிறவர்களில் யார் அளவுகோல் கொண்டு வரப்போகிறார்கள் என்றார். அவர் சொன்னது சரி. ஒருவரும் அளக்கமாட்டார்கள். இரண்டு நாள் அந்த நீண்ட குழலை அப்படியே விட்டுவைத்தேன்.

பின்னர் அதை வெட்டினேன். வெட்டச் செய்தது அந்த வண்டியைப் படைத்தவரின் வாழ்க்கை. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

மிட்டாய்த் தொழிற்சாலைச் சிறுவன்

மிகயீல் இலியீச் கோஷ்கின் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் யரோஸ்லாவ்ல் மாநிலத்தில் பிரின்ச்சாகி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏழை உழவர் குடும்பம். நிலம் சோறு போடாததால் தந்தை காட்டு வேலைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் வெளியூர் போய்வந்தார். 1905இல் அந்த வேலையிலேயே உடல் நைந்து மாண்டார். தாய் கூலி வேலைக்குப் போனாள். பையன் பத்துப் பதினோரு வயதில் பிழைப்புத் தேடி மாஸ்கோ சேர்ந்தான். அங்கே ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றான்.

இந்த இடத்தைப் படிக்கும்போது சாலைக் கடைத்தெரு என் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் அரைக்கால் சட்டையோடு வந்து, கடையில் பொட்டலம் மடித்து வளர்ந்து, பிறகு கடை வைத்தவர்கள் நம்மவரில் எத்தனை பேர்! பிழைக்க வந்த ஊரில் முதலில் கிடைத்த வேலையைச் செய்வது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்வது: இது ருஷ்யனுக்கும் தமிழனுக்கும் ஒன்றுதான்.

1917இல் ஜார் மன்னரின் படையில் சேர்க்கப்பட்டுப் போர்முனையில் காயமடைந்தார். புரட்சிக்குப் பின் 1918இல் செம்படையில் சேர்ந்தார். சாரிட்சினிலும் ஆர்க்கேஞ்சலிலும் போரிட்டார். டைபஸ் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். கட்சி அவரை மாஸ்கோவில் படிக்க வைத்தது. 1924இல் வியாத்கா நகருக்கு அனுப்பிற்று. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்றை நிர்வகிக்க! எடுபிடியாக இருந்தவர் மேலாளர் ஆனார். பிறகு அதே ஊரில் கட்சிப் பணி. குடும்பம், மதிப்பான பதவி. வேறொருவராயின் அத்துடன் அமைந்திருப்பார்.

கோஷ்கின் அமையவில்லை. 1929ஆம் ஆண்டு, முப்பது வயதைக் கடந்தபின், லெனின்கிராடுக்குச் சென்று பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். இருபத்து மூன்று வயதில் இனிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்ளும் நம்மில் சிலர் (எழுதுபவனும் அவர்களுள் ஒருவன்) இந்த ஆண்டுக் கணக்கைச் சற்றே பார்க்கவேண்டும். அவர் பட்டம் பெற்றது 1934இல், வயது முப்பத்தைந்து. இறந்தது 1940இல். பொறியியலாளராக அவர் வாழ்ந்தது ஆறே ஆண்டுகள்! உலகம் அவரை நினைப்பது அந்த ஆறு ஆண்டுகளுக்காகத்தான். டி-34 என்ற பெயரிலுள்ள 34 என்னும் எண்கூட, அந்த வண்டியின் எண்ணம் தம் மனத்தில் முளைத்த 1934ஆம் ஆண்டைக் குறிக்க அவரே தேர்ந்தது என்பர்.

நாற்பத்தைந்து தொண்ணூறு ஆவது

லெனின்கிராடில் டாங்கி வரையும் அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிப் பாராட்டும் பதக்கமும் பெற்ற கோஷ்கினை, 1936 டிசம்பர் இறுதியில் கார்க்கோவ் நகரத்து 183ஆம் எண் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். ரயில் எஞ்சின்கள் செய்துவந்த பழம்பெரும் ஆலை அது. அங்கே டாங்கி வடிவமைக்கும் பிரிவுக்கு அவர் தலைவர்.

அந்த நாற்காலியின் வரலாற்றையும் சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் அது நீண்ட குழல் வைத்த கதையாகிவிடும். அவருக்கு முன் அதில் இருந்தவர் அஃபனாசி ஃபிர்சொவ் என்னும் திறமைசாலி. அவர் பிரிவு செய்த பிடி-7 டாங்கியில் கியர்ப் பெட்டிகள் அடிக்கடி உடைந்தன. அது பிழையாக எண்ணப்படவில்லை, நாசவேலையாகக் கருதப்பட்டது. பதவி பறிபோயிற்று, பிறகு கைதானார், மீண்டு வரவில்லை. டி-34க்கு உயிரான வி-2 டீசல் எஞ்சினை அதே ஆலையில் உருவாக்கிய குழுவின் தலைவர் கான்ஸ்டன்டின் செல்ப்பானும் 1937 இறுதியில் கைதாகி 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாலின் ஆட்சியின் அந்தக் கொடிய ஆண்டுகளில், கணக்கில் ஒரு தவறு ஓர் உயிரைக் குடிக்கும் என்பதை அறிந்துகொண்டுதான் கோஷ்கின் தம் வரைபலகை முன் அமர்ந்தார். அவரோடு இருந்தவர்கள் அலெக்சாண்டர் மொரோசோவ், நிக்கொலாய் குச்செரென்கோ முதலிய இளைஞர்கள்.

அந்நாளில் சோவியத்துப் படை விரும்பியது சக்கரத்திலும் ஓடும், சங்கிலிப் பட்டையிலும் ஓடும் இருவகை டாங்கி. அமெரிக்கர் கிறிஸ்டியின் கருத்து அது. 1930இல் அவரிடமிருந்து வண்டி வாங்கிவந்து அதன் வழியில் பிடி வரிசை டாங்கிகளைச் செய்திருந்தார்கள். நல்ல சாலையில் பட்டையைக் கழற்றிவிட்டு மோட்டார் கார்போல விரையலாம். கேட்பதற்கு அழகான திட்டம்தான். ஆனால் நல்ல சாலை எங்கே இருந்தது? சக்கரத்தைச் சுழற்றும் பொறிகள் வண்டியின் எடையைத் தின்றன, உள்ளே இடத்தைத் தின்றன, பழுதையும் பெருக்கின. அந்த எடையை மிச்சப்படுத்திக் கவசத்துக்குக் கொடுத்தால் என்ன என்பதே கோஷ்கின் கேட்ட கேள்வி.

மேலிடம் கேட்டபடி ஏ-20 என்னும் இருவகை வண்டியை வரைந்தார். கூடவே தாம் நம்பிய ஏ-32 என்னும் பட்டை மட்டும் உள்ள வண்டியையும் வரைந்தார். படைத்துறைப் பெரியவர்கள் பலர் இரண்டாவதை விரும்பவில்லை. ஃபிர்சொவ் அமர்ந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டு அவர்கள் எண்ணத்துக்கு மாறாக வாதிடுவது எளிய செயல் அன்று. இரண்டையும் செய்து பார்க்கலாம் என்று ஸ்டாலின் இசைந்தார். 1939இல் இரண்டும் அருகருகே ஓடின. ஏ-32 வண்டியில் இன்னும் பளு தாங்கும் வலிமை மிஞ்சி இருந்தது. அதன்மேல் இரும்புக் கட்டிகளை ஏற்றி, மொத்த எடையை 24 டன் ஆக்கி ஓட்டிப் பார்த்தார்கள். கவசத்தை 45 மில்லிமீட்டராக்கினாலும் வண்டி ஓடும் என்பதற்கு அந்தக் கட்டிகளே சான்று. 1939 டிசம்பர் 19ஆம் நாள் டி-34 என்ற பெயரில் அது படைக்கு ஏற்கப்பட்டது.

நாற்பத்தைந்து மில்லிமீட்டர் என்பது நம் இரண்டு விரல் அகலம் அளவுதான். அதை வைத்து என்ன செய்தார் என்பதில்தான் அறிவியல் மாணவனுக்கு விருந்து இருக்கிறது. முன்தகட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தாமல் 60 பாகை சாய்த்து வைத்தார். நேர்க்கிடையாக வரும் குண்டு சாய்ந்த தகட்டைத் துளைக்கவேண்டுமானால் எவ்வளவு இரும்பைக் கடக்கவேண்டும்? தடிப்பைக் கோணத்தின் கோசைனால் வகுத்துப் பாருங்கள். 60 பாகையின் கோசைன் அரை. நாற்பத்தைந்து தொண்ணூறு ஆகிவிடுகிறது! அதற்கு மேலும் குண்டு வழுக்கித் தெறிக்கவும் வாய்ப்பு உண்டு. தகட்டைச் சாய்ப்பது கோஷ்கின் ஒருவரின் கண்டுபிடிப்பு அன்று. அவருக்கு முன்னும் செய்திருக்கிறார்கள். சாய்ந்த கவசம், 500 குதிரைத் திறன் கொண்ட டீசல் எஞ்சின், சேற்றிலும் பனியிலும் புதையாத 55 சென்டிமீட்டர் அகலப் பட்டை, 76 மில்லிமீட்டர் பீரங்கி ஆகிய நான்கையும், விரைவாகச் செய்யக்கூடிய ஒரே வண்டியில் கூட்டியதே அவர் குழுவின் சாதனை. என் மாதிரியில் அந்த 45 மில்லிமீட்டர் கவசம் 1.3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு. ஆனால் 60 பாகை 60 பாகையேதான். நீளத்தைக் குறைக்கலாம், கோணத்தைக் குறைக்க முடியாது. மாதிரி செய்பவன் கற்கும் முதல் பாடம் இது.

பனியில் ஒரு பயணம்

1940ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரண்டு வண்டிகள் முடிந்தன. மார்ச்சு மாதத்தில் மாஸ்கோவில் அரசாங்கத் தலைவர்களுக்கு அவற்றைக் காட்டவேண்டும். காட்டுவதற்கு முன் குறித்த தொலைவு ஓட்டிச் சோதித்திருக்கவேண்டும் என்பது விதி. வண்டிகள் முடிவதற்கே காலம் கடந்துவிட்டதால் ஓட்டக் கணக்கு நிறையவில்லை. நாட்கள் இருந்தன, கிலோமீட்டர்கள் இல்லை.

என்ன செய்யலாம்? காட்சியைத் தள்ளிவைக்கும்படி கெஞ்சலாம். அந்நாளில் அது ஆபத்து. ஏட்டில் சில எண்களை எழுதிக்கொள்ளலாம். அது அதைவிடத் தாழ்வு. கோஷ்கின் மூன்றாவது வழியைக் கண்டார். ரயிலில் ஏற்றி அனுப்பவேண்டிய டாங்கிகளைத் தாமாகவே மாஸ்கோ வரையில் ஓட்டிச் செல்வது! குறைந்த கிலோமீட்டர்கள் வழியிலேயே நிறைந்துவிடும். வண்டியின் உண்மையும் தெரிந்துவிடும்.

கார்க்கோவிலிருந்து மாஸ்கோ ஏறக்குறைய 750 கிலோமீட்டர். நாம் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேருந்தில் ஓர் இரவு. அங்கே பனிக்காலத்தின் இறுதி. 26 டன் எடை. மறைவாகச் செல்லவேண்டும் என்பதால் பெருஞ்சாலைகளையும் ஊர்களையும் தவிர்த்து, காட்டுவழியிலும் வயல்வெளியிலும் ஓடவேண்டும். மார்ச்சு முதல் வாரத்தில் ஒரு நாள் இருட்டில் இரண்டு டாங்கிகளும் புறப்பட்டன. தலைமை வடிவமைப்பாளர் அலுவலகத்தில் இருந்துகொண்டு தந்திக்குக் காத்திருக்கலாம். கோஷ்கினோ சளியும் இருமலும் இருந்தும் கூடவே புறப்பட்டார். வழியில் பெல்கோரத் நகருக்கு அருகே ஒரு வண்டியின் கிளச்சு கெட்டது. அங்கேயே அதைச் செப்பனிட்டார்கள்.

மார்ச்சு 17ஆம் நாள் இரண்டு வண்டிகளும் கிரெம்ளின் கோட்டைக்குள் கல் பாவிய முற்றத்தில் நின்றன. ஸ்டாலினும் மற்றத் தலைவர்களும் சுற்றிவந்து பார்த்தனர். கோஷ்கின் விளக்கிச் சொன்னார். இடையிடையே இருமல் அவரை மறித்தது. படைத்துறையில் ஐயம் கொண்டோர் அப்போதும் இருந்தனர். ஆயினும் தன் காலால் நடந்துவந்து நிற்கும் வண்டியை ஓடாது என்று எவர் கூறமுடியும்? தொடர்ந்து செய்யும்படி கட்டளை பிறந்தது. திரும்பும் பயணத்தையும் அந்த வண்டிகள் தாமே ஓடி முடித்தன. வழியில் ஓரேல் நகருக்கு அருகே ஒன்று நீரில் இறங்கிவிட, அதைக் கரையேற்றக் கோஷ்கினும் குளிர்ந்த நீரில் இறங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த ஆண்டு என் ஆய்வில் நாற்பது அளவீடுகள் எடுக்கவேண்டியிருந்தது. கையில் இருந்தவை முப்பத்தொன்று. வளைகோடு எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். மீதி ஒன்பது புள்ளிகளை அந்தக் கோட்டின்மேல் பொட்டு வைப்பதுபோல் வைத்துவிடலாம் என்று பென்சிலைக் கையில் எடுத்துவிட்டேன். நீண்ட குழலை மாதிரியில் ஒட்டிய அதே வாரம் அது. அன்று இரவுதான் இந்தப் பயணத்தைப் பற்றிப் படித்தேன். பென்சிலை வைத்துவிட்டேன். ஒன்பது அளவீடுகளுக்கு இரண்டு இரவுகள் ஆயின. அவற்றில் இரண்டு, நான் வைக்க எண்ணிய இடத்தில் விழவில்லை. ஏன் விழவில்லை என்பதுதான் இப்போது என் ஆய்வின் சுவையான பகுதி.

காணாத போர்

கார்க்கோவ் திரும்பிய கோஷ்கினின் இருமல் நிற்கவில்லை. அது நுரையீரல் அழற்சியாக முற்றிற்று. படுக்கையில் கிடக்கவேண்டியவர் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முதல் வரிசை வண்டிகள் உருவாகும் வேளை அது. ஒரு நுரையீரலை அறுத்து எடுத்தும் பயன் இல்லை. 1940 செப்டம்பர் 26ஆம் நாள் கார்க்கோவுக்கு அருகே ஓர் உடல்நல விடுதியில் உயிர் பிரிந்தது. நாற்பத்திரண்டு வயது நிறையவில்லை. மொரோசோவ் அவர் இடத்தில் அமர்ந்தார்.

ஒன்பது மாதம் கழித்து, 1941 ஜூன் 22ஆம் நாள் இட்லரின் படைகள் சோவியத்து எல்லையைக் கடந்தன. அன்று செம்படையிடம் ஏறக்குறைய ஆயிரம் டி-34கள் இருந்தன. ஜெர்மானியரின் 37 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் அதன் முன்தகட்டில் பட்டுத் தெறித்தன. அவ்வாண்டு அக்டோபரில் மிட்சென்ஸ்க் நகருக்கு அருகே பெரும் அடிபட்ட பிறகு, பிடிபட்ட டி-34 ஒன்றை ஆராய ஜெர்மனியிலிருந்து ஒரு குழுவே வந்தது. 1943இல் அவர்கள் களமிறக்கிய பேந்தர் டாங்கியின் சாய்ந்த கவசம் யாரிடம் கற்ற பாடம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் டி-34 குறையற்ற கருவி என்று எழுதினால் அது மயிற்பீலி சூட்டுவதாகும். அதன் கோபுரத்தில் இருவருக்குத்தான் இடம்; ஆகவே தலைவனே பீரங்கியையும் சுடவேண்டும். சுட்டால் களத்தைப் பார்க்க முடியாது. பார்த்தால் சுட முடியாது. தொடக்கத்தில் பெரும்பாலான வண்டிகளில் வானொலி இல்லை. கியர் மாற்றுவது மல்யுத்தம். காற்று வடிகட்டி தூசியை உள்ளே விட்டு எஞ்சினைத் தின்னச் செய்தது. 1941 கோடையில் எதிரியின் குண்டால் அழிந்தவற்றோடு, பழுதாகி வழியில் விடப்பட்டவையும் மிகப் பல. மூவர் அமரும் கோபுரமும் 85 மில்லிமீட்டர் பீரங்கியும் 1944இல்தான் வந்தன. போர் முடியும்வரை 50,000க்கு மேல் டி-34கள் செய்யப்பட்டன. 40,000க்கு மேல் அழிந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் நான்கைந்து இளைஞர்கள்; பலர் நம்மைவிட வயதில் குறைந்தவர்கள். மேசைமேல் அழகாக நிற்கும் பொருளைப் பார்க்கும்போது இதை மறக்கலாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வெட்டவேண்டிய கதைகள்

பெரியவர் ஒருவர் மறைந்தால் கதைகள் முளைக்கும். கோஷ்கினை இட்லர் தம் சொந்தப் பகைவராக அறிவித்தார் என்றும், அவர் கல்லறையைக் குறிபார்த்துக் குண்டு போடக் கட்டளையிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் இது நான் மாதிரியில் ஒட்டிய 90 மில்லிமீட்டர் குழலைப் போன்றது, வெட்டிவிடுவதே நேர்மை. போரில் கார்க்கோவ் கைமாறிக் கைமாறி அழிந்தது. கோஷ்கினின் கல்லறையும் அந்த அழிவில் மறைந்தது. இவ்வளவே உறுதி. இதுவே போதுமான துயரம்.

உறுதியானவை வேறு சில உண்டு. 1942இல், இறந்து இரண்டாண்டு கழித்து, மொரோசோவுடனும் குச்செரென்கோவுடனும் அவர் பெயரும் ஸ்டாலின் பரிசு பெற்றது. சோசலிச உழைப்பின் வீரர் என்னும் பட்டம் 1990இல், மறைந்து ஐம்பது ஆண்டுக்குப் பின் வந்தது. அடுத்த ஆண்டே பட்டம் வழங்கிய நாடு மறைந்தது. ருஷ்யச் சிற்றூரில் பிறந்த அவர் வண்டியைச் செய்த கார்க்கோவ் இன்று உக்ரைன் நாட்டில் கார்கிவ் என்ற பெயரில் இருக்கிறது. 2022 முதல் அந்நகர்மேல் ருஷ்யக் குண்டுகள் விழுகின்றன. ஒரே ஆலையில் தோளோடு தோள் நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் எதிரெதிரே நிற்கிறார்கள். கருவி செய்தவன் கையில் அதன் வருங்காலம் இல்லை.

இவ்வளவு தொலைவில் நடந்த கதை தமிழனுக்கு என்ன உறவு என்று கேட்பீர்கள். 1941இல் கார்க்கோவ் ஆலை யூரல் மலைக்கு அப்பால் நீஷ்னி தகில் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே பிறந்த டி-72 டாங்கி அஜேயா என்ற பெயரில் நம் சென்னையை அடுத்த ஆவடியில் செய்யப்பட்டது. பின்னர் அங்கே பீஷ்மா என்னும் டி-90ம் உருவாயிற்று. ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் அவற்றுக்காகச் செய்த பன்னிரண்டு உருளை டீசல் எஞ்சின், செல்ப்பான் உயிர்கொடுத்த அந்த வி-2 எஞ்சினின் வழித்தோன்றல்தான். ஆவடியில் வேலை பார்க்கும் உறவினர் உள்ளவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கலாம். அவர்கள் கைப்பட்ட இரும்பில் கார்க்கோவின் சாயல் உண்டு.

என் மாதிரி முடியும் நிலையில் இருக்கிறது. குட்டைக் குழல் வைத்தாயிற்று. பச்சை நிறம் பூசி, பட்டைகளில் சேறும் பனியும் தீட்டியிருக்கிறேன், மயிற்பீலி இல்லை. பக்கத்தில் ஒரு மனிதனையும் நிறுத்த எண்ணம். 35இல் ஒரு பங்கில் மனிதன் ஐந்து சென்டிமீட்டர். மேலங்கி அணிந்து, ஒரு கையால் வாயை மூடி இருமிக்கொண்டிருப்பான். அந்தக் கணக்கில் அவன் கடந்த 750 கிலோமீட்டர் 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் முடிந்துவிடும். ஊருக்குப் போகும்போது நாம் பேருந்தில் தூங்கிக்கொண்டே கடக்கும் தொலைவு.

நண்பர்களே, கண்காட்சிக்கு வாருங்கள். கையில் ஓர் அளவுகோலும் கொண்டுவாருங்கள். அளந்து பாருங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். கோஷ்கின் தம் வண்டிக்குச் செய்த மரியாதை அதுதான். நாம் நம் ஆய்வுக்கும், எழுத்துக்கும், வாழ்வுக்கும் செய்யக்கூடிய மரியாதையும் அதுவே.